லான்சரோட்டே நாட்குறிப்பு: எரிமலைத் தீவில் 226 கிலோமீட்டர்

புதன்

லான்சரோட்டே விமான நிலையத்தின் ஓடுபாதைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நடைபாதை போகிறது. விமானம் இறங்கும்போதே சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமை அயர்ன்மேன் போட்டி. மாலை அந்தப் பக்கம்தான் மாரத்தான் ஓட்டம், 42.2 கிலோமீட்டர். அதற்கு முன்னால் 180 கிலோமீட்டர் சைக்கிள். அதற்கும் முன்னால் கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல். கடிகாரம் ஒரு முறை ஓடத் தொடங்கினால் கடைசிக் கோட்டில்தான் நிற்கும். இடையில் உடை மாற்றுவதும் கழிப்பறைக்குப் போவதும்கூட அந்தக் கணக்கில்தான் வரும்.

அயர்ன்மேன் என்றதும் எல்லோரும் ஹவாயைச் சொல்வார்கள். சரிதான், 1978 பிப்ரவரியில் ஓஹு தீவில் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்ததில்தான் இது தொடங்கியது. நீச்சல்காரனா, ஓட்டக்காரனா, சைக்கிள்காரனா, யாருடைய உடம்புக்குத் தெம்பு அதிகம் என்ற வாய்ச்சண்டையில் ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒரு யோசனை சொன்னார். தீவில் ஏற்கெனவே ஒரு கடல் நீச்சல் இருந்தது, ஒரு சைக்கிள் சுற்று இருந்தது, ஒரு மாரத்தானும் இருந்தது. மூன்றையும் ஒரே நாளில் சேர்த்துவிட்டார். 1981ல் போட்டி ஹவாயின் இன்னொரு தீவான பிக் ஐலண்டுக்கு மாறியது. கறுப்பு எரிமலைக்கல், வெயில், காற்று என்று இன்று நாம் படத்தில் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அதே கல்லும் வெயிலும் காற்றும் ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு நான்கு மணி நேர விமானத் தூரத்தில் கிடைக்கும் இடம் லான்சரோட்டே. நாடு ஸ்பெயின் என்றாலும் ஆப்பிரிக்கக் கரை சுமார் 125 கிலோமீட்டரில் இருக்கிறது. மாட்ரிட் ஆயிரம் கிலோமீட்டரையும் தாண்டி. 1992ல் கென்னத் காஸ்க் என்ற டென்மார்க்காரர் இங்கே இந்தப் போட்டியைத் தொடங்கினார். உலகத்திலேயே கஷ்டமான அயர்ன்மேன் எது என்று நாலு சைக்கிள்காரர்கள் கூடிப் பேசினால் இந்தத் தீவின் பெயர் வராமல் இருக்காது. சைக்கிளில் ஏற்றம் மட்டும் ஏறக்குறைய 2,500 மீட்டர்.

என்னோடு பேர்னிலிருந்து ஒரு தம்பி வந்திருக்கிறான். பெற்றோர் யாழ்ப்பாணம், அவன் பிறந்தது சுவிட்சர்லாந்து. நான் நாகர்கோவில், வேலை ஸ்டுட்கார்ட்டில். புவெர்த்தோ தெல் கார்மெனில் அறை. சைக்கிள் பெட்டிகள் இரண்டையும் உள்ளே வைத்த பிறகு நாங்கள் நிற்க இடமில்லை.

இன்றைக்குப் பெரிய விவாதம் முன்சக்கரத்தைப் பற்றி. ரிம் (சக்கரத்தின் வெளிவளையம்) ஆழமாக இருந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், வேகம் கூடும். ஆனால் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் அதே ஆழமான ரிம் பாய்மரம் விரித்தது மாதிரி. பின்சக்கரத்தில் பிரச்சினை குறைவு, நம் எடை அதன்மேல் இருக்கிறது, அது திரும்புவதும் இல்லை. முன்சக்கரம் ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பிவிடும். ஹவாய் போட்டியில் தட்டுச் சக்கரத்துக்கே, அதாவது கம்பிகள் இல்லாமல் முழுக்க மூடிய சக்கரத்துக்கே, தடை வைத்திருப்பது இதனால்தான். தம்பி 80 மில்லிமீட்டர் ரிம் கொண்டுவந்திருந்தான். மாலையில் கடற்கரைச் சாலையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தான்.

"அண்ணை, இதோட போனா நான் கடலுக்குள்ளதான் போய் விழுவன்."

"அப்ப வாடகைக்கு ஒன்னு எடுத்துடுடா. இங்க தெருவுக்கு ஒரு சைக்கிள் கடை இருக்கு."

எடுத்தான். 35 மில்லிமீட்டர்.

வியாழன்

காலையில் பதிவு முடிந்தது. கையில் பட்டை கட்டிவிட்டார்கள், இனி அதோடுதான் குளியலும் தூக்கமும். அப்புறம் ஒரு காரை எடுத்துக்கொண்டு பாதையைப் பார்க்கக் கிளம்பினோம். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் 180 கிலோமீட்டரை மிதித்துப் பார்க்க முடியாது. ஆனால் காற்று எங்கே திரும்புகிறது என்று காரில் உட்கார்ந்தும் தெரிந்துகொள்ளலாம். கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும்.

இங்கே வழக்கமாக அடிப்பது வடகிழக்கு வணிகக் காற்று. கொலம்பஸ் காலத்துக் கப்பல்கள் அமெரிக்கா போனது இந்தக் காற்றை நம்பித்தான். கோடைக்காலத்தில் நாள் கணக்கில் ஓயாது. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் சைக்கிள் மிதித்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: இறக்கத்திலும் மிதித்தால்தான் வண்டி நகரும்.

யாய்சா ஊரைத் தாண்டி வடக்கே திரும்பினால் திமன்ஃபாயா எரிமலைப் பூங்கா. இருபுறமும் கறுப்புக் கல், உடைந்து நொறுங்கி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஒரு மரம் கிடையாது. 1730 செப்டம்பர் 1 இரவு பூமி பிளந்து தொடங்கிய எரிமலை 1736 ஏப்ரல் வரை விட்டுவிட்டுக் கக்கிக்கொண்டிருந்தது. தீவில் ஏறக்குறைய கால் பங்கு மூடிப்போனது. ஊர்கள், நல்ல விளைநிலங்கள் எல்லாம் அடியில். யாய்சாவின் பாதிரியார் ஆந்த்ரேஸ் லொரென்சோ குர்பெலோ நடந்ததை நாள்வாரியாக எழுதிவைத்தார். எந்த ஊர் என்றைக்குப் போனது, எரிமலைக் குழம்பு எந்தப் பக்கம் திரும்பியது, கால்நடைகள் எப்படிச் செத்தன என்று. அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் முதல் மாதங்களைப் பற்றி இன்று இவ்வளவு விவரம் தெரிந்திருக்காது. நான் எழுதும் இந்தக் குறிப்புகள் சக்கர அளவைப் பற்றி. பரவாயில்லை.

பூங்கா நுழைவில், கையில் ஐந்து முனைச் சூலத்தோடு ஒரு பிசாசு உருவம் நிற்கிறது. செஸார் மன்ரிக்கே வரைந்தது. இந்தத் தீவின் ஓவியர், சிற்பி, கட்டடக்காரர் எல்லாம் அவர்தான். சுற்றுலா வந்தபோது உயரமான ஓட்டல்களும் சாலையோர விளம்பரப் பலகைகளும் தீவைக் கெடுத்துவிடக் கூடாது என்று கடைசிவரை சண்டை போட்டவர். அதனால்தான் எங்கே பார்த்தாலும் வெள்ளை வீடுகள், தணிந்த கூரைகள். சைக்கிள்காரனுக்கு இதில் ஒரு நஷ்டம் உண்டு: காற்றை மறைக்க ஒரு கட்டடமும் கிடையாது.

தம்பியோடு காரில் பேசிக்கொண்டு வந்த கணக்கை இங்கே எழுதிவைக்கிறேன். 40 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் 20 வேகத்தில் போகிறோம், இரண்டு மணி நேரம். அதே 40 கிலோமீட்டரைப் பின்காற்றில் 40 வேகத்தில் திரும்பி வருகிறோம், ஒரு மணி நேரம். சராசரி 30 வராது, 27க்கும் குறைவு. காற்று எடுத்ததைத் திருப்பித் தருவதில்லை, ஏனென்றால் எதிர்க்காற்றில்தான் நாம் அதிக நேரம் இருக்கிறோம். காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். இரு மடங்கு வேகம் என்றால் நான்கு மடங்கு தடை. அதனால் எதிர்க்காற்றில் வேகமானியைப் பார்த்து மிதித்தால் கால் போய்விடும். வாட் கணக்கை, அதாவது கால் பெடலில் போடும் சக்தியைக் காட்டும் எண்ணை மட்டும் பார்த்து மிதிக்க வேண்டும், வேகம் 18 என்று காட்டினாலும் சரி.

இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எனக்குக் கவலை வேறு. எதிர்க்காற்று நேரத்தைத்தான் தின்னும், உடம்பைக் குளிர்வித்துவிடும். பின்காற்றில் ஏற்றம் வந்தால்? மணிக்கு 15 வேகத்தில் ஏறுகிறேன், பின்னாலிருந்து காற்று 15ல் வருகிறது என்றால் என்னைச் சுற்றி இருக்கும் காற்று அசையாது. வியர்வை ஆவியாக வழியில்லை. இந்தத் தீவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் எதிர்க்காற்றைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். ஆட்கள் உட்கார்ந்துவிடுவது பின்காற்று ஏற்றத்தில் என்பது என் கட்சி.

வெயிலுக்குத் தயாரிப்பாகக் கடந்த இரண்டு வாரமும் பயிற்சி முடிந்தவுடன் வெந்நீர்த் தொட்டியில் அரை மணி நேரம் கிடந்தேன். ஸ்டுட்கார்ட் வசந்தத்தில் வேறு வழி? உடம்பு பத்துப் பதினைந்து நாளில் பழகிக்கொள்ளும்: ரத்தத்தில் பிளாஸ்மா கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், வியர்வையில் போகும் உப்பும் குறையும். சுகமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். இருபதாவது நிமிடத்தில் யாராவது கதவைத் தட்டி வெளியே கூப்பிடமாட்டார்களா என்று இருக்கும்.

வெள்ளி

நீலப் பை சைக்கிளுக்கு, சிவப்புப் பை ஓட்டத்துக்கு. நிரப்பி, பிரித்து, மறுபடி நிரப்பி, கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தாயிற்று. சைக்கிளையும் நிறுத்திவிட்டோம். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கித்தான் வைத்தேன். பகல் வெயிலில் நிற்கும் வண்டி, காலையில் அடித்துக்கொள்ளலாம்.

விதிமுறைக் கூட்டத்தில் சொன்னதில் முக்கியமானது இடைவெளி. முன்னால் போகிறவரின் முன்சக்கரத்துக்கும் நம் முன்சக்கரத்துக்கும் 12 மீட்டர் வேண்டும். முந்துவதென்றால் 25 விநாடிக்குள் முந்திவிட வேண்டும். ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போனால் நீல அட்டை, 5 நிமிடம் கூடாரத்தில் நிற்க வேண்டும். இவ்வளவு காற்றில் இந்த விதி கொடுமைதான், ஆனால் இது இல்லாவிட்டால் இந்த விளையாட்டே இல்லை.

வானிலை மாறுகிறது. காற்று கிழக்குப் பக்கம் திரும்பும், நாளை கலிமா வரலாம் என்கிறார்கள். சஹாராவிலிருந்து தூசியையும் சூட்டையும் அள்ளிக்கொண்டு வரும் காற்று அது. மே மாதத்தில் வழக்கமாக 24, 25 டிகிரி. கலிமா வந்தால் முப்பதைத் தாண்டும், ஈரப்பதம் அடியோடு விழும். மாலையில் கடலுக்கு மேலே வானம் லேசாகப் பழுப்பேறிவிட்டது.

சாப்பாடு: பாப்பாஸ் அர்ருகாதாஸ். சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு உப்புத் தண்ணீரில் வற்றும்வரை வேகவைப்பது, மேலே உப்புப் பொரிந்து நிற்கும். தொட்டுக்கொள்ள மோஹோ, நம் மிளகாய்ச் சட்னிக்கு ஒன்றுவிட்ட உறவு. நாளை வியர்க்கப்போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு கிடையாது. இரண்டு தட்டு.

சனி, விடியுமுன்

3.45. பிரெட், தேன், வாழைப்பழம், காபி. தம்பியின் அம்மா பேர்னிலிருந்து கூப்பிட்டு, "காத்தெண்டா இறங்கி உருட்டிக்கொண்டு வாடா, ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டேன். பால்கனிக் கைப்பிடியில் விரல் வைத்தால் தூசி ஒட்டுகிறது. கிளம்புகிறோம்.

ஞாயிறு

முடித்தாயிற்று. 14 மணி 4 நிமிடம். தம்பி 12 மணி 31. இப்போது நிதானமாக எழுதுகிறேன், எழுந்து நடப்பதைவிட எழுதுவது சுலபம்.

நீச்சல் பிளாயா கிராந்தே கடற்கரையில். எத்தனை நிமிடத்தில் முடிப்போம் என்று நாமே கணித்து அந்த வரிசையில் நிற்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். அப்போதுதான் சூரியன் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் சுமார் 20 டிகிரி, எல்லோரும் வெட்சூட், குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடை. முதல் 300 மீட்டர் கையும் காலும் முகத்தில் பட்டுக்கொண்டே இருந்தன, பிறகு இடம் கிடைத்தது. கீழே மணலும் மீனும் தெளிவாகத் தெரிந்தன. ஒரு சுற்று முடிந்ததும் கரையேறி, மணலில் ஓடி, மறுபடி கடல். இரண்டாவது சுற்றில் கிழக்கிலிருந்து அலை எழும்பிவிட்டது. கிழக்கே திரும்பி நீந்தும்போது மூச்செடுக்க வாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். 1 மணி 22 நிமிடம். நீச்சலைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

சைக்கிள் எடுத்துச் சாலைக்கு வந்ததும் வண்டி பறந்தது. மேற்கே போகும் சாலை, முதுகில் கிழக்குக் காற்று. பெரிதாக மிதிக்காமலே 38, 40. என்னைத் தாண்டி நிறையப் பேர் போனார்கள், சிரித்துக்கொண்டே போனார்கள். நான் வாட் எண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல் கோல்ஃபோ பக்கம் கடல் பாறையில் மோதி வெள்ளையாக எழும்பியது, ஹனூபியோ உப்பளங்கள் கட்டம் கட்டமாக வெயிலில் மின்னின. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் உப்பளத்தைப் பார்த்தால் மனசு நின்றுவிடுகிறது.

திமன்ஃபாயாவில் வடக்கே திரும்பியதும் காற்று வலது பக்கத்துக்கு வந்தது. சீராக அடித்தால் சாய்ந்து ஓட்டிவிடலாம். அது அப்படி அடிக்கவில்லை. ஒரு மேட்டின் மறைவில் விட்டுவிட்டு, அடுத்த இடைவெளியில் அறைந்தது. எனக்கு முன்னால் போன ஆழமான ரிம்காரர் ஒருவர் ஒரே அடியில் ஒரு மீட்டர் இடது பக்கம் தள்ளப்பட்டார். அப்புறம் ஏரோ பாரை (குனிந்து முழங்கையை ஊன்றிக்கொள்ளும் முன்கம்பி) விட்டு எழுந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார், அதற்குப் பிறகு அவர் குனியவே இல்லை. நான் குனிந்தே இருந்தேன். சின்ன ரிம் கொடுத்த தைரியம்.

லா சான்ட்டா தாண்டி ஃபமாராவிலிருந்து தெகீசே வரை கிழக்கே ஏற்றம். நேர் எதிர்க்காற்று, 14, 13, ஒரு இடத்தில் 11. சுற்றிலும் வெட்டவெளி, பழுப்புப் புகைமூட்டத்தில் ஃபமாரா மலைச்சரிவு பாதிதான் தெரிந்தது. நாக்கில் மண் ருசி. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், உடம்புக்கு அங்கே ஒன்றும் கஷ்டமில்லை. தோல் காய்ந்திருந்தது, வியர்க்கவே இல்லை போல இருந்தது. கையைப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் படலம். வியர்வை வந்தவுடனே காற்று கொண்டுபோய்விடுகிறது, நமக்குத் தெரிவதில்லை. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போயிருக்கும். தாகத்தை நம்பாமல் கடிகாரத்தை நம்பி, 15 நிமிடத்துக்கு ஒரு தடவை குடித்தேன். வெறும் தண்ணீர் மட்டும் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். மயங்கி விழுகிறவர்களில் அதிகமாகக் குடித்தவர்களும் உண்டு. ஒரு பாட்டிலில் உப்புக் கரைசல், ஒரு பாட்டிலில் தண்ணீர், மாற்றி மாற்றி.

ஹரீயா ஏற்றத்திலும் காற்று முகத்தில்தான். மேலே நின்று பார்த்தால் கீழே பள்ளத்தாக்கில் பேரீச்சை மரங்கள், வெள்ளை வீடுகள். இந்தக் கறுப்புத் தீவில் இவ்வளவு பச்சை எப்படி என்று இருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி மறுபடி மிராதோர் தெல் ரியோ வரை ஏற்றம். அந்த உச்சியில் பாறைக்குள் ஒரு பார்வை மாடம் கட்டியிருக்கிறார் மன்ரிக்கே, எதிரே லா கிராசியோசா தீவு. கலிமாவில் தீவும் இல்லை, கடலும் இல்லை. அந்தப் பக்கம் வெறும் பழுப்பு.

அங்கிருந்து அர்ரியேத்தா வரை இறக்கம். தாஹீச்சேயில் சாலை வட்டத்தின் நடுவே மன்ரிக்கேயின் காற்று பொம்மை ஒன்று நிற்கிறது, உலோகத்தில் செய்து காற்றில் சுழலவிட்ட சிற்பம். நேற்று அது சுழன்ற வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர் வாழ்ந்த வீடு அங்கேதான், எரிமலைக் குமிழிகளுக்குள் கட்டியது. 1992ல் அதே இடத்துக்குப் பக்கத்தில் கார் விபத்தில் இறந்துபோனார்.

இனிதான் விஷயம். தாஹீச்சேயிலிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பி மறுபடி தெகீசேக்கு ஏறுகிறது பாதை. காற்று இப்போது முதுகில். நேரம் பிற்பகல் இரண்டரை, நிழலிலேயே 32 டிகிரி. எதிர்க்காற்றில் ஐந்து மணி நேரம் பல்லைக் கடித்தவர்கள் எல்லோரும் அப்பாடா என்று இங்கேதான் நினைப்பார்கள். திரும்பிய இரண்டாவது நிமிடத்தில் காதில் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது. மூன்றாவது நிமிடத்தில் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, காலையிலிருந்து முதல் தடவை. தார்ச்சாலையின் சூடு மேலே வந்து அப்படியே நம்மோடு கூடவே வருகிறது. இதயத் துடிப்பு, அதே வாட்டுக்கு, 12 கூடியிருந்தது. சாலையோரத்தில் ஒருவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் குந்தியிருந்தார். இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொருவர், கூடவே மருத்துவ உதவிக்காரர். திமன்ஃபாயாவிலோ ஃபமாராவிலோ நான் இப்படி யாரையும் பார்க்கவில்லை.

வாட்டைப் பதினைந்து சதவீதம் குறைத்தேன். இரண்டு பாட்டில் தண்ணீரை முதுகிலும் தலையிலும் தொடையிலும் ஊற்றினேன். காற்று ஓடாத இடத்தில் ஆவியாக வைக்க நாமே தண்ணீர் கொடுத்தாக வேண்டும். முதல் மணி நேரத்தில் சிரித்துக்கொண்டு போனவர்களில் சிலரை அந்த ஏற்றத்தில் மறுபடி பார்த்தேன். அவர்கள் இப்போது பேசும் நிலையில் இல்லை, நானும்தான். 7 மணி 26 நிமிடத்தில் சைக்கிளை ஒப்படைத்தேன்.

மாரத்தான். முதல் கிலோமீட்டரில் கால் தன் விருப்பத்துக்குப் போனது, அது பழகிய விஷயம். நாலேகால் மணி வெயில் கடலிலிருந்து எதிரொளித்து முகத்தில் அடித்தது. தண்ணீர்ப் பந்தல்களை நம்பியே ஓடினேன் (இந்த ஊர்க்காரர்கள் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்கு அது தண்ணீர்ப் பந்தல்தான்). ஒவ்வொன்றிலும் ஒரே சடங்கு: நடை, ஒரு கோப்பை பனிக்கட்டி தொப்பிக்குள், ஒரு கோப்பை சட்டைக்குள், பஞ்சு இரண்டு தோளில், கோலா ஒரு மடக்கு, மறுபடி ஓட்டம். பனி உருகும்வரை அடுத்த பந்தல் வந்துவிடும். பந்தலுக்குப் பந்தல் இப்படி எண்ணினால் 42 என்ற எண் மனசில் வராது.

விமான நிலையத்துப் பக்கம் ஓடும்போது தலைக்கு மேலே சக்கரத்தை இறக்கியபடி விமானங்கள் வந்துகொண்டே இருந்தன. திரும்பும் இடம் கிழக்கே என்பதால் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. எனக்குப் போகும் பாதை பிடித்திருந்தது. பக்கத்தில் ஓடிய ஒரு அயர்லாந்துக்காரப் பெரியவர் எதிர்க்காற்றைத் திட்டிக்கொண்டே வந்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை. மதுக்கடை வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்கள் நெஞ்சில் கட்டியிருந்த எண்ணுக்குக் கீழே இருந்த பெயரைப் படித்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உச்சரித்து, "வெங்கா, வெங்கா" (வா, வா) என்று கத்தினார்கள். சுற்றுக்கு ஒரு வண்ணப் பட்டை கையில் மாட்டிவிடுவார்கள். எதிரே வருகிறவன் கையில் எத்தனை பட்டை என்று பார்த்துப் பொறாமைப்படுவதில் சில கிலோமீட்டர்கள் போயின.

முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு ஜெல்லை (தெம்புக்குச் சாப்பிடும் சர்க்கரைக் கூழ்) பார்த்தாலே குமட்டியது. ஒரு பந்தலில் உப்புப் போட்ட சூப் கொடுத்தார்கள், அது உள்ளே போனதும் உயிர் வந்தது. அதற்குள் சூரியன் இறங்கிவிட்டது. வெயில் போனதும் ஆறு கிலோமீட்டர் நன்றாகவே ஓடினேன், எங்கிருந்து வந்ததென்று தெரியாது. கடைசி வளைவில் தம்பி ஏற்கெனவே பதக்கத்தோடு, போர்வை போர்த்திக்கொண்டு நின்றான். "அண்ணை, நடக்காதீங்கோ, ஓடுங்கோ, படம் எடுக்கிறன்!" ஓடினேன். ஓட்டம் 4 மணி 57.

எடை 3 கிலோ குறைந்திருந்தது. கூடாரத்தில் பீட்சா தந்தார்கள், ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள்

கலிமா போய்விட்டது. வானம் நீலம், 24 டிகிரி, வடகிழக்குக் காற்று தன் வேலைக்குத் திரும்பிவிட்டது. இரண்டு நாள் பொறுத்திருக்கலாம்.

லா ஹேரியா போனோம். எரிமலைச் சாம்பல் மூடிய சரிவில் ஆயிரக்கணக்கான குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு திராட்சைக் கொடி. சில குழிகள் ஆளை விழுங்கும் ஆழம். குழியின் விளிம்பில், காற்று வரும் பக்கம் மட்டும், அரைவட்டமாகக் கல் அடுக்கியிருக்கிறார்கள். சாம்பலுக்கு அடியில் பழைய மண் இருக்கிறது, வேர் அதைத் தொட வேண்டும் என்றுதான் தோண்டுவது. மழை ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் அளவுதான். இந்தக் கரடுமுரடான கறுப்புச் சாம்பல் இரவின் ஈரத்தை உள்ளே வாங்கி, பகலில் ஆவியாக விடாமல் மூடிவைத்துக்கொள்கிறது. நிலத்தைக் கெடுத்த எரிமலையின் சாம்பலை வைத்தே விவசாயம். இயந்திரம் உள்ளே போக வழியில்லை, அறுவடை கையால்தான். எல்லாக் கல்வரிசையும் ஒரே பக்கம் பார்த்து நிற்பதால், கொடி கட்டிப் பார்க்காமலே காற்றின் திசை தெரிகிறது.

குழிக்குள் இறங்கிப் பார்க்கலாம் என்றான் தம்பி. இறங்குவது சரி, ஏறுவது யார்? மேலே நின்றே பார்த்துவிட்டு வந்தோம்.

அடுத்த ஆண்டு வர நினைப்பவர்களுக்கு: முன்சக்கரம் சின்னதாக எடுங்கள். தலைக்கு ஊற்றத் தனியாக ஒரு பாட்டில் வையுங்கள். தாஹீச்சேக்குப் பிறகு காற்று உங்கள் பக்கம் வந்துவிட்டது என்று மிதிக்காதீர்கள்.

நாளை காலை 6 மணிக்கு விமானம். சைக்கிளைப் பெட்டிக்குள் வைக்கப் பெடலைக் கழற்ற வேண்டும், எனக்குக் குனிய முடியவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன், அவன் குனிந்தான், நிமிர முடியவில்லை. கடைசியில் ஓட்டல் வரவேற்பிலிருந்த பையன் ஸ்பேனரோடு வந்தான். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்று சைகையில் சொல்ல மட்டும் எனக்குத் தெம்பு இருந்தது.